‘எஸ்’ சொல்வதா, ‘நோ’ சொல்வதா? (ஆங்கிலம் பழகுவோம்)



நம் சுவரிதழில் ‘ஆங்கிலம் பழகுவோம்’ பகுதியை இந்த மாதம் என்னை எழுதச் சொன்னார்கள். போன மாதம் வரைக்கும் இதில் குட் மார்னிங், ஹவ் ஆர் யூ, காய்கறிப் பெயர்கள், பறவைகளின் பெயர்கள் எல்லாம் வந்துவிட்டன. எல்லாம் நல்லதுதான். ஆனா நான் வேற மாதிரி எழுதப் போறேன். பெரிய பெரிய வார்த்தை எதுவும் இதில் இருக்காது. எஸ், நோ, ஆஃப், எம்ப்டி, இந்த மாதிரி எல்.கே.ஜி. பிள்ளைக்கும் தெரிஞ்ச வார்த்தைகள்தான். தெரிஞ்ச வார்த்தைதானே என்று நினைக்கிறோம் பாருங்க, அங்கேதான் வம்பு. (ஒரு சார்ட் போதாது என்று சொன்னதும் தமிழ் மிஸ் கூடுதலாக இரண்டு சார்ட் கொடுத்தாங்க. அதனால் பொறுமையாப் படிங்க. கூட்டமா நின்னு தள்ளாதீங்க, ஸ்கெட்ச் மை அழிஞ்சிடும்.)

எங்க வீட்டுக் கதையில் இருந்தே ஆரம்பிக்கிறேன்.

என் அண்ணன் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவர். படித்து முடித்து ஒரு வருஷம் வீட்டுத் தறியில்தான் இருந்தார். அப்புறம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை கிடைத்தது. கம்பெனி பேர் வேண்டாம். நம்ம பள்ளிப்பட்டும் கும்மிடிப்பூண்டியும் ஒரே திருவள்ளூர் மாவட்டம்தான். ஆனா இது இந்தக் கோடி, அது அந்தக் கோடி. பஸ்ஸில் திருத்தணி, அங்கிருந்து ரயிலில் சென்ட்ரல், சென்ட்ரலில் மாறி இன்னொரு ரயில். அதனால் அண்ணன் அங்கேயே நாலு பேரோடு ரூம் எடுத்துத் தங்கிவிட்டார். மாசம் ஒரு தடவை வருவார்.

அந்த செக்‌ஷனில் பீகார், ஒடிசா ஆட்கள் நிறைய பேர். இன்ஜினீயரும் வெளி மாநிலம், சின்ன வயசிலிருந்தே இங்கிலீஷ் மீடியம். தமிழ் அவருக்கு ஒரு வார்த்தை தெரியாது. அண்ணனுக்கு இந்தி தெரியாது. ரெண்டு பேருக்கும் நடுவில் இருந்தது துண்டு துண்டு இங்கிலீஷ்தான்.

ஒரு நாள் கன்வேயரில் ஏதோ சிக்கி ரோலர் நின்றுபோச்சு. இன்ஜினீயர் வேகமா வந்தார். ரோலருக்கு மேல இருக்கிற கம்பி மூடியைக் கழற்றிக்கொண்டே, மிஷின் சத்தத்துக்கு நடுவில் அண்ணனைப் பார்த்துக் கேட்டார்: “டிட்ன்ட் யூ ஸ்விட்ச் ஆஃப் தி மெயின்?”

அண்ணன் மனசுக்குள் அது தமிழில் ஓடியது. ‘மெயினை ஆஃப் பண்ணலையா?’ ஆமாம், பண்ணலை. அதனால் அண்ணன் சொன்னார்: “எஸ் சார்.”

இன்ஜினீயர் கையை உள்ளே விட்டார்.

பக்கத்தில் இருந்த ஒடிசாக்காரப் பெரியவர் ஒருத்தர் பேனல் விளக்கைப் பார்த்துவிட்டார். விளக்கு எரிஞ்சிட்டு இருந்தது. அவர் கத்தக்கூட இல்லை, இன்ஜினீயரின் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்துத் தள்ளிவிட்டார். சிக்கியிருந்தது விடுபட்டதும் ரோலர் சட்டென்று சுத்தியது. சட்டைக் கை மட்டும் கிழிந்தது. கைக்கு ஒன்றும் ஆகலை.

அப்புறம் ஒரே களேபரம். “ஆஃப் பண்ணிட்டேன்னு பொய் சொன்னான்” என்று எழுதி, அண்ணனை ஒரு வாரம் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிட்டாங்க. வீட்டுக்கு வந்த அண்ணன் சாப்பிடவே இல்லை. “நான் பொய் சொல்லலைம்மா. அவர் ஆஃப் பண்ணலையான்னு கேட்டார், நான் ஆமான்னு சொன்னேன். அதுல என்ன பொய்?” இதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அம்மாவுக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை. எனக்கும் தெரியலை. அண்ணன் சொன்னது சரியாத்தான் பட்டது.

மறுநாள் இங்கிலீஷ் மிஸ்ஸிடம் போய்க் கேட்டேன். மிஸ் சாக்பீஸை எடுத்து போர்டில் எழுதிக் காட்டினாங்க. அதை அப்படியே இங்கே எழுதறேன். இதுதான் இந்த மாசப் பாடம்.

தமிழில் ஒருத்தர் ‘நீ சாப்பிடலையா?’ என்று கேட்டால் சாப்பிடாதவன் ‘ஆமாம், சாப்பிடலை’ என்கிறான். ‘நீங்க சொல்றது சரி’ என்று அர்த்தம். நாம கேட்ட ஆளுக்குப் பதில் சொல்றோம். இங்கிலீஷ்காரர் நடந்த காரியத்துக்குப் பதில் சொல்றார். காரியம் நடந்திருந்தால் எஸ். நடக்கலைன்னா நோ. கேள்வியை நேரா கேட்டாலும் சரி, ‘இல்லையா’ போட்டுக் கேட்டாலும் சரி, பதில் மாறாது.

“டிட் யூ ஈட்?” சாப்பிடலை என்றால் “நோ, ஐ டிட்ன்ட்.”
“டிட்ன்ட் யூ ஈட்?” சாப்பிடலை என்றால் இதுக்கும் “நோ, ஐ டிட்ன்ட்.”
சாப்பிட்டிருந்தால் ரெண்டுக்குமே “எஸ், ஐ டிட்.”

அண்ணன் சொல்லியிருக்க வேண்டியது “நோ சார், ஐ டிட்ன்ட்.” அவர் வாயில் இருந்து வந்தது ‘எஸ்’. இன்ஜினீயர் காதில் விழுந்தது ‘எஸ், ஐ டிட்.’ ரெண்டு பேர் மேலும் தப்பு இல்லை என்று மிஸ் சொன்னாங்க. எனக்கு என்னவோ அந்த இன்ஜினீயர் மேல கொஞ்சம் கோபம் இருக்கு. விளக்கைப் பார்க்காம கையை விடலாமா? அது வேற விஷயம்.

இந்தக் குழப்பம் தமிழுக்கு மட்டும் இல்லை. நம்ம ஊர்ப் பக்கம் வீட்டில் தெலுங்கு பேசுறவங்களையும் கேட்டுப் பாருங்க. ‘ராலேதா?’ என்றால் ‘அவுனு, ராலேது’ என்றுதான் சொல்வாங்க. ஜப்பான்காரங்களும் நம்மை மாதிரியே ‘இல்லையா’ என்று கேட்டால் ‘ஹை’ என்று ஆமாம் போடுறவங்கதானாம். பிரெஞ்சு மொழியில் இதுக்காகவே மூணு வார்த்தை வைத்திருக்கிறார்கள். ஆமாம் என்றால் ‘வீ’, இல்லை என்றால் ‘நோன்’. ‘வரலையா?’ என்று கேட்டு, ‘இல்ல இல்ல, வந்தேன்’ என்று மறுக்கணும்னா ‘ஸீ’. ஜெர்மன்காரங்க அதே இடத்தில் ‘டாஹ்’ என்கிறாங்க. அதைவிட ஆச்சரியம், இங்கிலீஷிலேயே ஒரு காலத்தில் நாலு வார்த்தை இருந்ததாம். நேர்க் கேள்விக்கு ‘யே’, ‘நே’. ‘இல்லையா’ கேள்விக்கு ‘எஸ்’, ‘நோ’. பதினாறாம் நூற்றாண்டில் தாமஸ் மோர் என்ற பெரிய அறிஞர், பைபிளை மொழிபெயர்த்த வில்லியம் டின்டேல் இதில் தப்புப் பண்ணிட்டார் என்று சண்டையே போட்டிருக்கிறார். அவங்க ஊர்ப் பெரியவங்களுக்கே வந்த குழப்பம் நமக்கு வந்தா வெட்கப்பட ஒண்ணும் இல்லை.

சின்ன வார்த்தை எப்படிக் காலை வாரும் என்று நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1960-ம் வருஷம் ஏப்ரல் 1-ம் தேதி வரைக்கும் பள்ளிப்பட்டு, திருத்தணி எல்லாம் ஆந்திராவோடு இருந்தது. இப்பவும் ஒரே பெஞ்சில் ரெண்டு மொழி உட்கார்ந்திருக்கு. நான் ஒண்ணாவது சேர்ந்தபோது எனக்குத் தெலுங்கு தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளையின் பென்சிலை என்னுடையது என்று எடுத்துட்டேன். அவள் ‘காது! காது!’ என்று கத்தினாள். நான் பயந்துபோய் என் காதைத் தொட்டுப் பார்த்தேன், கம்மல் விழுந்துடுச்சோன்னு. தெலுங்கில் ‘காது’ என்றால் ‘அது இல்லை’. அவள் இப்பவும் என் தோழி. இதை எழுத அவளிடம் அனுமதி வாங்கிட்டேன்.

எஸ், நோ விஷயத்தில் இன்னொரு பள்ளம் இருக்கு. அதில் விழுந்தது நான்.

போன கோடை விடுமுறையில் சென்னையில் இருந்து திருத்தணிக்கு ரயிலில் வந்துகொண்டிருந்தோம். முருகன் கோயிலுக்குப் போகிற ஒரு அம்மா, பார்த்தால் வெளியூர் மாதிரி, என் பக்கத்தில் இருந்த காலி இடத்தைக் காட்டி, “டூ யூ மைன்ட் இஃப் ஐ சிட் ஹியர்?” என்று கேட்டாங்க. இங்கிலீஷில் கேட்கிறாங்களே என்று சந்தோஷத்தில் நான் “எஸ், எஸ்!” என்றேன். அந்த அம்மா முகம் சுருங்கிப்போய் அடுத்த பெட்டிப் பக்கம் நகர்ந்துட்டாங்க. ‘மைன்ட்’ என்றால் இங்கே ‘மனசு’ இல்லை. ‘நான் உட்கார்ந்தால் உங்களுக்குச் சிரமமா?’ என்று கேட்டிருக்காங்க. நான் ‘ஆமாம், சிரமம்தான்’ என்று சிரிச்சுக்கிட்டே சொல்லியிருக்கேன்! ‘டூ யூ மைன்ட்’ என்று யாராவது கேட்டால் ‘நோ’ என்பதுதான் மரியாதை. “நாட் அட் ஆல், ப்ளீஸ் சிட்” என்று சொன்னால் இன்னும் நல்லது. அரக்கோணம் வரைக்கும் அந்த அம்மா நின்னுக்கிட்டே வந்தாங்க. இப்ப நினைச்சாலும் எனக்குக் கஷ்டமா இருக்கு.

சரி, பாடத்துக்கு வருவோம். இப்படி ஒரு சின்ன வார்த்தையால் பெரிய விபத்தே நடந்திருக்கு என்று மிஸ் ஒரு விஷயம் சொன்னாங்க. நான் நூலகத்தில் தேடியும் படித்தேன். 1977-ம் வருஷம் மார்ச் 27-ம் தேதி, ஸ்பெயின் நாட்டுக்குச் சொந்தமான டெனெரீஃப் என்ற தீவு. விமான நிலையத்தில் மூடுபனி. ரெண்டு பெரிய போயிங் 747 விமானங்கள் ஒரே ஓடுபாதையில் இருந்தன, ஒன்று நெதர்லாந்து விமானம், இன்னொன்று அமெரிக்க விமானம். நெதர்லாந்து விமானத்தில் இருந்து ரேடியோவில் ‘நாங்கள் இப்போது அட் டேக்-ஆஃப்’ என்று சொன்னார்கள். கிளம்பிக்கொண்டிருக்கிறோம் என்று அவர்கள் அர்த்தம். கிளம்பும் இடத்தில் தயாராக நிற்கிறார்கள் போல என்று கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர் நினைத்தார். அவர் முதலில் ‘ஓகே’ என்றார். அப்புறம் ‘காத்திருங்கள், நான் கூப்பிடுகிறேன்’ என்றார். அந்த ரெண்டாவது பாதி, அதே நேரத்தில் அமெரிக்க விமானமும் பேசியதால், ரேடியோ இரைச்சலில் அமுங்கிவிட்டது. ‘ஓகே’ மட்டும் தெளிவாகக் கேட்டது. ரெண்டு விமானமும் மோதி 583 பேர் இறந்துபோனார்கள். ரெண்டு விமானத்திலும் நல்லா இங்கிலீஷ் தெரிந்தவர்கள்தான் இருந்தார்கள்.

அதுக்கு அப்புறம் விமானிகள் பேசும் முறையை மாற்றினார்கள். கிளம்ப உத்தரவு கொடுக்கும்போதும் அதை ரத்துப் பண்ணும்போதும் மட்டும்தான் ‘டேக்-ஆஃப்’ என்ற வார்த்தை. மற்ற நேரத்தில் ‘டிபார்ச்சர்’ என்றுதான் சொல்லணும். ரேடியோவில் எஸ், நோ என்றும் சொல்வதில்லை. ‘அஃபர்ம்’, ‘நெகடிவ்’ என்கிறார்கள். முக்கியமான உத்தரவு எதைச் சொன்னாலும் கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்லணும். ‘ரீட் பேக்’ என்று அதுக்குப் பேர். நம்ம ஒண்ணாம் வகுப்பு டீச்சர் சொல்லச் சொல்ல நாம் திருப்பிச் சொன்னோமே, அதேதான். அதைப் பெரியவங்க விமானத்தில் செய்றாங்க.

இப்போ ‘ஆஃப்’. இது என் சொந்தக் கண்டுபிடிப்பு, மிஸ் சொன்னது இல்லை. நாம பேசும்போது ‘ஹ’ சத்தம் நிறைய நேரம் வாயில் வராது. ஹாஃப் பாயில் நமக்கு ஆஃப் பாயில். ஹாஃப் டிக்கெட் ஆஃப் டிக்கெட். ஹாஃப் டே லீவு ஆஃப் டே. சரி, ஒருத்தர் மிஷினைக் காட்டி “ஆஃப் லோடு” என்று சொன்னால் என்ன அர்த்தம்? பாதி லோடா? லோடை இறக்கணுமா? பாதி என்றால் ‘ஹா’ என்று மூச்சு விட்டுச் சொல்லணும். நிறுத்தம் என்றால் வெறும் ‘ஆ’. கண்ணாடி முன்னால் கொஞ்சம் தூரத்தில் உள்ளங்கையை வைத்துச் சொல்லிப் பாருங்க. ஹாஃப் சொன்னால் காற்று முதலிலேயே கையில் படும். நம்ம வகுப்பில் 12 பேரைச் சொல்ல வைத்தேன், 9 பேருக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் வந்தது. அந்த 9 பேரில் நானும் ஒருத்தி.

அடுத்தது ‘எம்ப்டி’. இதில் வர்றவர் பெஞ்சமின் லீ வொர்ஃப். அமெரிக்காவில் 1897-ல் பிறந்து 1941-ல் இறந்தவர். பெரிய மொழி ஆராய்ச்சியாளர். ஆனா சம்பளம் வாங்கினது ஹார்ட்ஃபோர்டு என்ற ஊரில் தீ விபத்துக் காப்பீட்டுக் கம்பெனியில். தீப்பிடித்த இடங்களுக்குப் போய் ஏன் பிடித்தது என்று பார்க்கிற வேலை. அவர் ஒன்றைக் கவனித்தார். பெட்ரோல் நிரம்பிய டிரம் பக்கத்தில் எல்லாரும் ஜாக்கிரதையாக நடக்கிறார்கள். ‘எம்ப்டி’ என்று எழுதிய டிரம் பக்கத்தில் பீடி சிகரெட் பிடித்துவிட்டுத் துண்டைப் போடுகிறார்கள். உண்மையில் காலி டிரம்முக்குள் பெட்ரோல் ஆவி தங்கியிருக்கும், காற்றோடு கலந்தால் அதுதான் வெடிக்கும். நிரம்பினதைவிடக் காலியானது ஆபத்து. ‘எம்ப்டி’ என்ற வார்த்தை ‘ஒன்றும் இல்லை’ என்று சொல்லி ஆளை ஏமாற்றிவிடுகிறது என்று அவர் எழுதினார்.

இதைப் படித்ததும் எனக்கு எங்க தெரு ஞாபகம்தான் வந்தது. கம்பெனிப் பக்கம் இருந்து வருகிற காலி டிரம்மை வாங்கித் தண்ணி பிடிச்சு வைக்கிறோம். இரும்பு டிரம் என்றால் கேஸ் வெல்டிங்கில் பாதியா வெட்டி தொட்டி ஆக்குறாங்க. உள்ளே முன்னாடி என்ன இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. ‘காலி டிரம்தானே!’ தமிழ் ‘காலி’யும் அந்த இங்கிலீஷ் ‘எம்ப்டி’ மாதிரியே பொய் சொல்லுது. அப்பாவிடம் இதைச் சொன்னேன். அப்பா எங்க வீட்டு நீல டிரம்மைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், லேபிள் கிழிஞ்சிருந்தது. என்ன இருந்ததுன்னு இனிமேல் கண்டுபிடிக்க முடியாது. குடிக்கிற தண்ணியை அதில் இருந்து குடத்துக்கு மாத்திட்டோம்.

டேங்கர் லாரி எல்லாருமே பார்த்திருப்போம். பின்னால் சிவப்பில் ‘ஹைலி இன்ஃப்ளேமபிள்’ என்று எழுதியிருக்கும். எட்டாவது படிக்கும்போது நான் இதுக்கு ‘தீப்பிடிக்காது’ என்றுதான் அர்த்தம் பண்ணி வைத்திருந்தேன். ஏன்னா கரெக்ட், இன்கரெக்ட். விசிபிள், இன்விசிபிள். ‘இன்’ போட்டால் எதிர்ச்சொல் என்றுதானே கிராமரில் படித்தோம்? ஆனா இந்த ‘இன்’ அந்த ‘இன்’ இல்லை. லத்தீன் மொழியில் ‘தீ மூட்டு’ என்ற வினைச்சொல்லில் இருந்து வந்தது. அதனால் ஃப்ளேமபிள் என்றாலும் தீப்பிடிக்கும், இன்ஃப்ளேமபிள் என்றாலும் தீப்பிடிக்கும். ரெண்டும் ஒண்ணு! என்னை மாதிரியே யாராவது தப்பா நினைச்சு உயிரை விடப்போறாங்க என்று பயந்துதான், 1920-களில் அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் ‘இனிமேல் ஃப்ளேமபிள் என்றே எழுதுங்கள்’ என்று சொன்னது. நம்ம ஊர் லாரிகளில் இன்னும் பழைய வார்த்தை ஓடிட்டு இருக்கு. தீப்பிடிக்காது என்று சொல்ல ‘நான்-ஃப்ளேமபிள்’ என்று இருக்கணும். ‘நான்’ இருந்தால்தான் பயம் இல்லை.

விவசாயம் பண்றவங்க வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு விஷயம். பூச்சி மருந்து டப்பாவில் சாய்சதுரமாக ஒரு கட்டம் இருக்கும். அதன் ஒரு பாதியில் நிறம், இன்னொரு பாதியில் எழுத்து. 1971-ம் வருஷப் பூச்சிக்கொல்லி விதிகளில் வந்த முறை அது. சிவப்பும் மஞ்சளும் ‘பாய்சன்’, அதாவது விஷம். சிவப்புதான் ரொம்பக் கொடியது. நீலத்தில் ‘டேஞ்சர்’, பச்சையில் ‘காஷன்’ என்று இருக்கும். பச்சை என்றால் டிராஃபிக் சிக்னல் மாதிரி ‘போகலாம்’ என்று நினைக்காதீங்க. அதுவும் விஷம்தான், வீரியம் கம்மி. ‘காஷன்’ என்றால் ஜாக்கிரதை.

இவ்வளவும் தமிழில் எழுதிவிட்டால் என்ன என்று கேட்கலாம். நானும் அதைத்தான் மிஸ்ஸிடம் கேட்டேன். 1948-ம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே, சட்டப்படி மாட்டும் அறிவிப்புகள் இங்கிலீஷிலும், பெரும்பாலான தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும் இருக்கணும் என்று எழுதியிருந்தார்கள். 1956-ம் வருஷ மின்சார விதிகளிலும் அபாயப் பலகையில் மண்டை ஓடு எலும்புப் படத்தோடு அந்த மாவட்டத்து மொழியும் இருக்கணும் என்று இருந்தது. டிரான்ஸ்ஃபார்மர் கம்பியில் ‘அபாயம்’ என்று தமிழில் தொங்குதே, அதுக்கு இதுதான் காரணம். தமிழில் எழுதச் சொல்லிக் கேட்கிறது நம்ம உரிமை, அதைக் கேட்கத்தான் வேணும். ஆனா அண்ணன் வேலை செய்ற இடத்தில் பெரும்பாலானவங்க மொழி எது? தமிழா, ஒடியாவா, இந்தியா? பலகையை மூணு மொழியில் எழுதிடலாம். மிஷின் சத்தத்தில் அவசரமாக் கேட்கிற கேள்வியை மூணு மொழியில் கேட்க முடியாதே.

அதனால் மிஸ் எனக்குச் சில வாக்கியங்கள் எழுதிக் கொடுத்தாங்க. அதை அண்ணன் சட்டைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு போனார். நீங்களும் நோட்டில் எழுதிக்கோங்க.

புரியலை என்றால் தலையை ஆட்டாதீங்க. “சாரி, ஐ டிட் நாட் அண்டர்ஸ்டாண்ட். ப்ளீஸ் ஸே இட் அகெய்ன்.” வேகமாப் பேசினால் “ஸ்லோலி, ப்ளீஸ்.”

ஏதாவது செய்யச் சொன்னால், சொன்னதைத் திருப்பிக் கேளுங்க. “யூ வான்ட் மீ டு ஸ்டாப் லைன் டூ, ரைட்?” விமானி பண்றதைத்தான் நாமளும் பண்றோம்.

‘இல்லையா’ கேள்வி வந்தால் எஸ்ஸும் வேண்டாம், நோவும் வேண்டாம். கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்க. “தி மெயின் இஸ் ஆன்.” “தி மெஷின் இஸ் ஸ்டில் ரன்னிங்.” “தி கேட் இஸ் நாட் லாக்டு.” இதில் தப்பே வராது. எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

நேர்முகத் தேர்வுக்குப் போகிற பன்னிரண்டாம் வகுப்பு அண்ணன் அக்காக்களுக்கு ஒன்று மட்டும். “மைசெல்ஃப் இன்னார்” என்று ஆரம்பிக்காதீங்க, “ஐ ஆம் இன்னார்” போதும். “ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்” என்றும் சொல்ல வேண்டாம். அண்ணன் தம்பி எப்பவும் இருக்கிறவங்கதானே, “ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்.” மற்றதெல்லாம் கடையில் விற்கிற முப்பது நாள் ஆங்கிலப் புத்தகத்திலேயே இருக்கு.

அண்ணன் கதையை முடிக்கலையே. அந்த ஒரு வாரத்தில் மிஸ் ஒரு பேப்பரில் எஸ், நோ விஷயத்தை இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தாங்க. அண்ணன் அதைக் கொண்டுபோய் இன்ஜினீயரிடம் நீட்டினார். அவர் ரெண்டு தடவை படித்தாராம். “ஸோ யூ மீன்ட் நோ?” என்று கேட்டாராம். அண்ணன் வாயில் ‘எஸ்’ வந்து நின்றதாம். விழுங்கிட்டு, “ஐ மீன்ட், தி மெயின் வாஸ் ஆன்” என்றாராம். அவர் சிரிச்சிட்டாராம். ஒரு வாரச் சம்பளம் திரும்ப வரலை. ஆனா ஃபைலில் எழுதியிருந்த ‘பொய்’ என்ற வார்த்தையை அடிச்சிட்டாங்க. அம்மாவுக்கு அது போதும்னு ஆயிடுச்சு. எனக்குப் போதலை.

இப்போ அந்த செக்‌ஷனில் ரிப்பேர் என்றால் மெயினை நிறுத்தி ஒரு பூட்டுப் போட்டு, ‘டூ நாட் ஆபரேட்’ என்று அட்டையும் மாட்டுறாங்களாம். கையை உள்ளே விடுகிற ஆள் சாவியைத் தன் பாக்கெட்டிலேயே வைத்துக்கொள்ளணும். அதோட, ஸ்டார்ட் பட்டனை ஒரு தடவை அழுத்தி, ஓடலைன்னு பார்த்த பிறகுதான் மூடியைக் கழற்றணும். அண்ணன் தன் பூட்டின் மேல் தமிழில் ‘தொடாதே’ என்றும் ஒட்டி வைத்திருக்கிறார். ஒடிசாக்காரப் பெரியவர் அதைப் பார்த்து எழுத்துக்கூட்டிப் படிக்கக் கத்துக்கிட்டாராம். அவருடைய ஒடியா எழுத்தை அண்ணன் கத்துக்கிட்டு இருக்கார்.

பயிற்சி. விடையை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, பேர், வகுப்பு போட்டு, நூலக வாசலில் இருக்கிற அட்டைப் பெட்டியில் போடுங்க. எல்லாம் சரியா எழுதினவங்க பேர் அடுத்த சுவரிதழில் வரும்.

1. நீங்கள் வீட்டுப்பாடம் செய்யவில்லை. மிஸ் கேட்கிறார்: “ஹேவன்ட் யூ டன் யுவர் ஹோம்வொர்க்?” எஸ்ஸா, நோவா? முழு வாக்கியமாக எழுதவும்.

2. பஸ்ஸில் ஒருத்தர், “டூ யூ மைன்ட் இஃப் ஐ ஓப்பன் தி விண்டோ?” என்கிறார். உங்களுக்கும் காற்று வேண்டும். என்ன சொல்வீர்கள்?

3. ஒரு டிரம்மில் ‘நான்-ஃப்ளேமபிள்’ என்றும், இன்னொன்றில் ‘இன்ஃப்ளேமபிள்’ என்றும், மூன்றாவதில் ‘எம்ப்டி’ என்றும் எழுதியிருக்கிறது. எந்த டிரம் பக்கத்தில் தீக்குச்சி கிழிக்கக் கூடாது? (யோசிச்சு எழுதுங்க. விடை ஒண்ணு இல்லை.)

4. வீட்டில் கேஸ் அடுப்பு எரிகிறது. தங்கை கேட்கிறாள்: ‘அடுப்பை அணைக்கலையா?’ இதுக்குத் தமிழில் ஒரு பதில், இங்கிலீஷில் ஒரு பதில் எழுதவும்.

இப்படிக்கு,
பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி